கையெழுத்துப் போடும் முன்பு கல்லூரிப் பிள்ளையைக் கேளுங்கள்!

வக்கீலுக்குப் படிக்காத பிள்ளைக்குச் சட்டம் எதற்கு?

பி.காம். படிக்கும் மாணவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். பெற்றோர்களும் கேட்கிறார்கள். "கணக்கு எழுதப் படிக்கிறான். வியாபாரம் செய்யப் படிக்கிறான். அது போதாதா? நடுவில் வியாபாரச் சட்டம் என்று ஒரு பாடத்தை ஏன் வைத்தார்கள்?" என்பது அவர்கள் கேள்வி.

போதாது! கல்லூரியில் சொல்லித் தரும் பாடங்களில், படித்த அன்றே வீட்டுக்குப் பயன்படும் பாடம் இதுதான் என்று நான் சொல்வேன். ஆனால், அதைப் படிக்கும் முறை சரி இல்லை.

பையன் என்ன செய்கிறான்? பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது 'கைடு' வாங்குகிறான். ஒப்பந்தம் என்றால் என்ன என்பதற்கு ஆங்கிலத்தில் நாலு வரி மனப்பாடம் செய்கிறான். எழுதுகிறான். பாஸ் செய்கிறான். மறந்து விடுகிறான்.

சட்டத்தையே எடுத்துப் படித்தால் மறக்காது. நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872-ம் ஆண்டு வந்தது. இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. சட்டப் புத்தகம் என்றதும் பயப்பட வேண்டாம். அதில் கதைகள் இருக்கின்றன!

குதிரைக் கதை

ஆம், கதைகள்தான். பல விதிகளுக்குக் கீழே உதாரணம் சொல்லியிருக்கிறார்கள். 17-வது பிரிவில் ஒரு குதிரை வருகிறது.

ஒருவனிடம் குறை உள்ள குதிரை இருக்கிறது. அதை ஏலத்தில் விற்கிறான். குறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். வாங்குகிறவன்தான் பார்த்து வாங்கவேண்டும்.

அதே குதிரையைத் தன் மகளுக்கு விற்கிறான். மகள் இப்போதுதான் மேஜர் ஆனவள். இப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா? கூடாது! தகப்பன், மகள் என்ற உறவு இருப்பதால், குறையைச் சொல்லியே தீரவேண்டும்.

மூன்றாவது ஆள் வருகிறான். "நீ மறுக்காவிட்டால், குதிரை நல்ல குதிரை என்று எடுத்துக்கொள்வேன்" என்கிறான். விற்கிறவன் பேசாமல் நிற்கிறான். அந்த மவுனம், பேச்சுக்குச் சமம்!

குதிரையை எடுத்துவிட்டு, பழைய மோட்டார் சைக்கிள் என்று வைத்துப் பாருங்கள். இனி வண்டி வாங்கப் போகிறவர் என்ன கேட்பார், எப்படிக் கேட்பார் என்று நான் சொல்ல வேண்டியது இல்லை.

காணாமல் போன பையன்

வழக்குகளும் அப்படித்தான். 1913-ம் ஆண்டு அலகாபாத் ஐகோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. கான்பூரில் கவுரி தத் என்பவர் வீட்டுப் பையன் காணாமல் போய்விட்டான். அவர் தன் கணக்குப்பிள்ளை லால்மன் சுக்லாவை ரெயில் செலவுக்குப் பணம் கொடுத்து, அரித்துவாருக்கு அனுப்பினார். அவர் போன பிறகு, 'பையனைக் கண்டுபிடிப்பவருக்கு ரூ.501 பரிசு' என்று நோட்டீசு போட்டார்.

பையனைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? லால்மன்தான்! ஆனால், கண்டுபிடித்தபோது பரிசு விஷயம் அவருக்குத் தெரியாது. பிறகு பரிசு கேட்டு வழக்குப் போட்டார். தோற்றார். தெரியாத ஒன்றை எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்? மேலும், தேடுவது அவர் ஏற்கனவே ஒப்புக்கொண்ட வேலை. எனக்கு என்னவோ, கவுரி தத் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால், கொடுத்திருக்கலாம் என்பது வேறு. கொடுத்தே தீரவேண்டும் என்பது வேறு. அந்த வித்தியாசம்தான் பாடம்.

ஒரு கையெழுத்துதானே!

இப்போது வீட்டுக்கு வருவோம்.

கூட வேலை பார்க்கிறவர் வருகிறார். "அண்ணே, பாங்கியில் மூன்று லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். ஜாமீன் கையெழுத்து வேண்டுமாம். சும்மா பேருக்குத்தான். நான் கட்டாமல் போய்விடுவேனா?" என்கிறார். அண்ணன் நல்ல மனிதர். மறுக்கக் கூச்சம். காப்பி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

பேருக்குப் போட்ட கையெழுத்தா அது? இல்லை! ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு என்ன சொல்கிறது? கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ, அவ்வளவு பொறுப்பும் ஜாமீன் போட்டவருக்கு உண்டு. மூன்று லட்சமும் உண்டு. அதன் வட்டியும் உண்டு.

"முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சொத்தை ஜப்தி செய்யுங்கள். அப்புறம் என்னிடம் வாருங்கள்" என்று சொல்ல முடியுமா? முடியாது. பாங்கி நேராக ஜாமீன்தாரர் வீட்டுக் கதவைத் தட்டலாம். 1968-ம் ஆண்டு, பீகார் பாங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. உடனே பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தானே ஜாமீன் கேட்கிறார்கள்?

பெண்ணின் கலியாணத்துக்குச் சேர்த்த பணம் இப்படிப் போகும். வாங்காத கடனுக்குப் போகும்!

ஆனால், அதே சட்டம் ஜாமீன்தாரருக்குச் சில கதவுகளையும் திறந்து வைத்திருக்கிறது. 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று 128-வது பிரிவே சொல்கிறது. அதாவது, "ஐம்பதாயிரம் வரைதான் என் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். பாங்கி ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கடனைக் கட்டிய ஜாமீன்தாரர், அந்தப் பணத்தைக் கடன்காரரிடம் வசூலிக்கலாம். ஜாமீன்தாரரைக் கேட்காமல் கடனின் நிபந்தனைகளை மாற்றினால், அதற்குப் பிறகு நடந்த கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பு அல்ல. ஆனால் கவனம்! பாங்கி அச்சடித்த பாரத்தில், இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கக்கூடும். பொடி எழுத்தில் இருக்கும்.

அந்தப் பொடி எழுத்தை வீட்டில் யார் படிப்பது? அப்பா ஐந்தாம் வகுப்பு. பாரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். படிக்க முடிந்தவர், பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள்தான். அவளோ, பரீட்சைக்காக 128-வது பிரிவை ஒப்பித்துக்கொண்டு பக்கத்து அறையில் இருக்கிறாள்!

எழுதாத தாளில் கையெழுத்துப் போடுவது இதைவிட ஆபத்து. வெறும் புரோநோட்டில் ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஸ்டாம்பு தாங்கும் தொகை வரை எழுதிக்கொள்ள வாங்கியவருக்கு அதிகாரம் கொடுத்ததாகக் கொள்ளலாம். 1881-ம் ஆண்டுச் சட்டத்தின் 20-வது பிரிவு அது.

கூட்டு வியாபாரம், செக்கு பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. இரண்டு மட்டும் சொல்கிறேன். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், வியாபார ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. கடனுக்குக் கொடுத்த செக்கு பணம் இல்லாமல் திரும்பினால், பாங்கியில் இருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீசு அனுப்ப வேண்டும். அதன் பிறகும் 15 நாளில் பணம் வராவிட்டால்தான் வழக்கு.

"அரைகுறையாகச் சட்டம் தெரிந்தால் ஆபத்து" என்று சில வக்கீல் நண்பர்கள் சொல்கிறார்கள். வழக்கு நடத்த வேண்டாம், ஐயா! எந்தத் தாளை வக்கீலிடம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

கல்லூரி ஆசிரியர்களும் மனது வைக்கவேண்டும். வீட்டில் இருக்கும் வாடகை ஒப்பந்தத்தையும், சீட்டுப் புத்தகத்தையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லலாம். பரீட்சையில், ஒரு ஜாமீன் பாரத்தைக் கொடுத்து, "இதில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? தமிழில் எழுது" என்று கேட்கலாம். கைடு வியாபாரம் கொஞ்சம் படுத்துவிடும். பரவாயில்லை.

அதுவரை பெற்றோர்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை யாராவது பாரத்தை நீட்டினால், ஒரு நாள் தவணை கேளுங்கள். பாரத்தின் நகலை வாங்கி வாருங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகளைக் கூப்பிட்டு, தொகை எங்கே, வட்டி எங்கே, நம் பொறுப்புக்கு வரம்பு எங்கே என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.