வளையலும் செயலியும்

காலை நிகழ்ச்சி முடிந்து நிலையத்தை விட்டு வெளியே வந்தால், கைப்பேசியில் பத்துக் குரல் பதிவாவது காத்திருக்கும். பாதி பாட்டு விருப்பம், மீதி வீட்டுக் கதை. போன வாரம் வந்தது எங்கள் தாமானில் பலகாரம் சுட்டு விற்கும் அக்காவின் குரல்.

"தங்கச்சி, தீபாவளி ஆர்டர் எடுக்க ஒரு செயலி செய்யலாம்னு இருக்கோம். 6,000 வெள்ளி கேட்கிறாங்க. வளையலை அடகு வைக்கலாமா? நீ மீடியா படிச்ச பிள்ளை, நீயே சொல்லு."

மீடியா படித்தால் மென்பொருளும் தெரியும் என்று யார் சொன்னார்களோ! ஆனால் செயலி விஷயத்தில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவள் நான். சில வருடங்களுக்கு முன் தோழிகள் நாங்கள் மூவர் சேர்ந்து தமிழ்ப் புதிர்ப்போட்டிச் செயலி ஒன்று செய்தோம். நிரல் எழுதத் தெரியாது. படங்களை இழுத்து வைத்தாலே செயலி ஆகிவிடும் என்று சொன்ன ஓர் இணையச் சேவைக்கு மாதச் சந்தா கட்டினோம். இரண்டே நாளில் செயலி ரெடி. 800 கேள்விகளை ஏற்றினோம். ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது: சேவையை மூடுகிறோம், 30 நாள் அவகாசம். கேள்விகளை மொத்தமாக வெளியே எடுக்க வழியே இல்லை. திரையைப் படம் பிடித்து, பார்த்துப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம்.

அந்த அனுபவத்தோடுதான் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். போலிடெக்னிக்கில் படிக்கும் மகன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். "ஃபிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா, கோட்லினா? எதுக்கா பெஸ்ட்?" என்றான்.

"தம்பி, உங்கம்மாகிட்ட ஆர்டர் கொடுக்கிறவங்க எத்தனை பேர்? வருசத்துல எத்தனை தடவை?" என்று கேட்டேன்.

அக்கா நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். சுமார் 140 பேர். பெரும்பாலோர் வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு மட்டும். ஒரு டின் முறுக்கு வாங்க யாராவது செயலியைப் பதிவிறக்கி, கடவுச்சொல் போட்டு, வருடம் முழுக்கக் கைப்பேசியில் வைத்திருப்பார்களா? நீங்கள் வைத்திருப்பீர்களா?

அக்காவுக்குத் தேவையானவை மூன்றுதான். பலகாரப் படமும் விலையும் காட்ட வேண்டும். யாருக்கு எத்தனை டின் என்று தவறாமல் பதிய வேண்டும். பணம் வர வேண்டும். முதலாவதுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல் இருக்கிறது, இலவசம். இரண்டாவதுக்கு ஒரு கூகுள் படிவம் போதும். நிரப்பியதெல்லாம் அட்டவணையில் வரிசையாக விழும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதுக்கு டூயிட்நவ் கியூஆர் அக்காவிடம் ஏற்கெனவே இருக்கிறது.

தம்பியின் முகம் தொங்கிவிட்டது. அவனுக்குச் செயலி செய்து பார்க்கும் ஆசை. அந்த ஆசை நல்லதுதான். அதனால் அவனுடைய கேள்விக்கும் வந்தோம்.

ஆண்ட்ராய்டுக்கு கோட்லின், ஐபோனுக்கு ஸ்விஃப்ட் என்று தனித்தனியாக எழுதினால் கைப்பேசியின் முழு வசதியும் கைக்கு வரும். ஆனால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டும். ஒரே நிரலில் இரண்டுக்கும் செய்ய நினைப்பவர்களுக்குத்தான் ஃபிளட்டரும் ரியாக்ட் நேட்டிவும். ரியாக்ட் நேட்டிவை ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்டது. இணையதளம் செய்து பழகி ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு அது எளிது. கூகுளின் ஃபிளட்டர் 2018 இறுதியில் முழு வடிவம் பெற்றது. அதற்கு டார்ட் என்ற மொழியைப் புதிதாகப் படிக்க வேண்டும். நிரலே எழுதாத பள்ளிப் பிள்ளைகளுக்கு, கட்டைகளை அடுக்குவது போல் செய்யும் எம்ஐடி ஆப் இன்வென்டர் இருக்கிறது. இலவசம்.

பெரிய நிறுவனத்தின் கருவி என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஸமாரின் ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்தது. 2024 மே 1-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அதில் செய்த செயலிகளை வேறு கருவிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும், நிரலும் வாடிக்கையாளர் விவரமும் நம் கையில் இருக்குமா என்று முதலில் கேளுங்கள். என் 800 கேள்விகள் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

அடுத்தது செலவு. கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே முறை 25 அமெரிக்க டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். ஐபோன் செயலியை உருவாக்கும் எக்ஸ்கோட் மேக் கணினியில் மட்டுமே ஓடும். இப்போது புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர்கள், செயலியை 12 பேரிடம் கொடுத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே கூகுள் பிளேயில் வெளியிட விண்ணப்பிக்க முடியும். அதற்குப் பிறகும் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு ஏற்பச் செயலியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவிடம் சொல்லப்பட்ட 6,000 வெள்ளியில் இந்தப் பராமரிப்பு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். இல்லையாம்.

நம்மவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. எந்தக் கருவியாக இருந்தாலும், "கொழுக்கட்டை" என்று ஒரு சொல்லை அதில் போட்டுப் பாருங்கள். திரையில் சரியாகத் தெரிந்தால் மட்டும் போதாது. ரசீதை பிடிஎஃப் ஆக்கும் சில கருவிகளில் ஒற்றைக்கொம்பு ஓர் இடத்தில், கால் ஓர் இடத்தில் என்று எழுத்து சிதறும். பணம் கட்டுமுன் ஒரு தமிழ் ரசீதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தம்பி அங்கேயே ஒரு மாதிரி ரசீதை எடுத்துப் பார்த்தான். கொழுக்கட்டை உடைந்துதான் வந்தது!

கடைசியில் முடிவானது இதுதான். இந்தத் தீபாவளிக்குப் படிவமும் வாட்ஸ்அப்பும். தம்பி விடுமுறையில் ஃபிளட்டர் படிப்பான். முதல் செயலியாக அம்மாவுக்கு மட்டும் ஒன்று செய்வான்: எத்தனை டின்னுக்கு எத்தனை கிலோ மாவு, எவ்வளவு எண்ணெய் என்று கணக்குப் போட்டுக் காட்டும் செயலி. ஒரே ஒரு பயனர், தவறினால் திட்டு மட்டும்தான் விழும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் ஏது?

நீங்களும் கடைக்கோ சங்கத்துக்கோ செயலி செய்ய நினைத்தால், கருவியின் பெயரைக் கேட்கும் முன் அக்காவைப் போல் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

வளையல் இன்னும் அக்கா கையில்தான் இருக்கிறது. நான் இரண்டு டின் முறுக்குக்குச் சொல்லிவிட்டேன். படிவத்தில்தான்!