அணை ஊருக்கு, எழுத்து யாருக்கு?

ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வைகை அணைக்காக அவருடைய தாயார் பிறந்த ஊரைக் காலி செய்தார்களாம். வீடு, கிணறு, கோயில் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. அம்மா சொல்லச் சொல்ல, மகள் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்தார். அணையைப் படமும் எடுத்தார். தெரிந்தவர் ஒருவர், "படித்துவிட்டுத் தருகிறேன்" என்று இரண்டையும் வாங்கிப் போனார். போன மாதம் ஒரு மலரில் அந்தப் பக்கங்களும் படமும் அப்படியே வந்திருந்தன. பெயர் மட்டும் வாங்கிப் போனவருடையது!

"கேட்டால், 'ஊர்க் கதைதானே? நீ பதிவு செய்தாயா?' என்கிறார். நான் என்ன சொல்வது?" என்று கேட்கிறார் சகோதரி.

அந்தப் பெரிய மனிதர் சொன்னதில் பாதி உண்மை. ஊர்க் கதை ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லைதான். இதே துயரத்தைக் கவிஞர் வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக எழுதி, 2003-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றார். அதனால் மற்றவர்கள் அதை எழுதக் கூடாது என்று சட்டமில்லை. நடந்த சம்பவம் பொது. அதைச் சொன்ன வாக்கியங்களோ எழுதியவருடையவை. அதே புளி, அதே பருப்புத்தான். ஆனால் உங்கள் வீட்டுச் சாம்பாரும் எதிர் வீட்டுச் சாம்பாரும் ஒன்றாகிவிடுமா?

பதிவு கட்டாயமே இல்லை. எழுதியவுடன் உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்திருந்தால் வழக்கில் சாட்சியாக உதவும், அவ்வளவுதான். எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கும் அந்த உரிமை உண்டு. இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 1958 ஜனவரி 21-ல். சரியாக ஓராண்டு கழித்து, 1959-ல் அதே தேதியில்தான் காமராஜர் வைகை அணையைத் திறந்து வைத்தார்!

படமும் அப்படித்தான். அதே அணையை அவர் தாமே படம் எடுத்துப் போடட்டும். உங்கள் படத்தைக் கேட்காமல் போட முடியாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் போட்டோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே.

சகோதரி, நோட்டுப் புத்தகத்தையும் மூலப் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். மலர் வெளியிட்டவர்களுக்குத் தபாலில் எழுதி, உங்கள் பெயரைப் போட்டுத் திருத்தம் வெளியிடச் சொல்லுங்கள். மறுத்தால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் கோர்ட்டிலேயே வழக்குத் தொடுக்க இடமிருக்கிறது.

மற்ற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து, பைண்டு செய்து அலமாரியில் வைப்பது உங்கள் பாத்தியதை. ஆனால் கதை முழுவதையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் ஊருக்கெல்லாம் அனுப்புகிறோமே, அது நியாயமா? எழுதியவருக்கும் சித்திரம் வரைந்தவருக்கும் அதுதானே பிழைப்பு?

ஆண்டிபட்டிச் சகோதரியின் தாயார் ஊரை நாட்டுக்காக விட்டுக் கொடுத்தார். மகள் தம் எழுத்தையும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.