கொழும்பில் ஒன்றரை லட்சம் சம்பளம்… பட்டாபிராமில் அது எவ்வளவு?

பட்டாபிராம் டைடல் பார்க்கில் மாதம் 40,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் இருந்து ஓர் ஆஃபர்: மாதம் 1,50,000 இலங்கை ரூபாய். போகலாமா?

கூகுளில் தட்டினால், ஓர் இந்திய ரூபாய்க்கு சுமார் 3.5 இலங்கை ரூபாய் என்று வரும் (2025 நிலவரம்). அப்படியென்றால் ஏறக்குறைய 43,000. இங்கே வாங்குவதைவிட 3,000 கூடுதல், பெட்டியைக் கட்டலாம்னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

நாணய மாற்று விகிதம், இந்த நோட்டைக் கொடுத்தால் அந்த நோட்டு எத்தனை கிடைக்கும் என்பதை மட்டும்தான் சொல்லும். அதை வைத்து எவ்வளவு அரிசி வாங்கலாம், எத்தனை தடவை முடி வெட்டிக்கொள்ளலாம் என்பது வேறு கணக்கு. அதுக்குப் பேர் 'வாங்கும் திறன் சமநிலை', சுருக்கமாக பிபிபி. அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்கக்கூடியதை இந்தியாவில் வாங்க சுமார் 20 ரூபாய் போதும். இலங்கையில் சுமார் 90 ரூபாய் வேண்டும். ஐஎம்எஃப், உலக வங்கி மதிப்பீடுகளின் தோராய அளவு இது.

90-ஐ 20-ஆல் வகுத்தால் 4.5. அதாவது, இங்கே 100 ரூபாய்க்கு வாங்குவதை அங்கே வாங்க 450 ரூபாய் வேண்டும். ஆனால் நம்ம 100 ரூபாயை மாற்றினால் கைக்கு வருவது 350தான். ஒன்றரை லட்சத்தை 4.5-ஆல் வகுத்துப் பாருங்க: 33,000 சொச்சம். இப்போ வாங்குற சம்பளத்தைவிடக் குறைவு.

(இதையே எளிமையாகச் சொல்ல 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகை 1986-இல் பிக் மேக் பர்கர் விலையை வைத்து ஒரு குறியீடு தொடங்கியது. மாட்டிறைச்சி பர்கர் விற்காத இந்தியாவுக்கு மகாராஜா மேக்தான் கணக்கு. இலங்கையில் 2024-இல் மெக்டொனால்ட்ஸ் கடைகளே மூடப்பட்டுவிட்டன. பரோட்டா குறியீடு என்று ஒன்று போட்டிருந்தால் நமக்கு வசதி!)

அங்கே ஏன் விலை அதிகம்? சின்ன நாடு, இறக்குமதி அதிகம். பாலையே எடுத்துக்குங்க. நமக்கு ஆவின் நீல பாக்கெட் லிட்டர் 40 ரூபாய். அங்கே பல வீடுகளில் டீக்கு நியூசிலாந்து போன்ற நாடுகளில் இருந்து வரும் பால்மாதான். டாலர் தட்டுப்பாடு வந்ததும், 2022 மார்ச்சில் 400 கிராம் பாக்கெட் 790 ரூபாய்க்குப் போனது. அதே மாதம் 22-ஆம் தேதி, விலைவாசி தாங்காமல் 16 பேர் குழந்தைகளோடு படகேறி ராமேஸ்வரம் பக்கம் வந்து இறங்கினார்கள்.

2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். இரண்டே ஆண்டில் அது பூஜ்யத்துக்கும் கீழே போனது. 'அப்போ எல்லாம் சரியாகிடுச்சா?' என்றால், இல்லை. பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது. ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நான்கு பேர் குடும்பம் வறுமைக் கோட்டைத் தொடவே 2025-இல் மாதம் 64,000 இலங்கை ரூபாய் அளவுக்கு வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச ஊதியமோ அந்த ஆண்டில் 27,000-ஆகத்தான் இருந்தது. வாங்கும் திறனில் அது நம்ம 6,000 ரூபாய்.

இவ்வளவுக்கும், தனிநபர் ஜிடிபியில் இலங்கைதான் முன்னே: சுமார் 4,500 டாலர். இந்தியா 2,700. சராசரியை மட்டும் பார்த்து ஊரை எடைபோட்டால் இப்படித்தான் குழம்பும்.

பிபிபி-யும் சராசரிதான். எல்லாப் பொருளும் அங்கே விலை அதிகம் என்றில்லை. 2025-இல் பெட்ரோல் அங்கே லிட்டர் 300 ரூபாயை ஒட்டி இருந்தது, மாற்றிப் பார்த்தால் நம்ம 86 ரூபாய். சென்னையிலோ 100-க்கு மேல். இன்னொரு பக்கம், நம்ம விலையில்லா ரேஷன் அரிசியும், பெண்களுக்கான கட்டணமில்லா பஸ்ஸும், சென்ட்ரலுக்கு 10 ரூபாய் மின்சார ரயிலும் இப்படிப்பட்ட கணக்கில் முழுசாகப் பிடிபடாது. பட்டாபிராமில் தொங்கும் டு-லெட் போர்டும் நாட்டுச் சராசரியைப் பார்த்து வாடகை சொல்லாது.

ஆக, இங்கே 40,000-இல் வாழ்வதுபோல அங்கே வாழணும்னா 1,80,000-க்குக் கீழே பேசாதீங்க. ஆனால் சிக்கனமாக இருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவதுதான் திட்டம் என்றால், அனுப்பும் தொகைக்கு விகிதம் 4.5 இல்லை, 3.5. அங்கே மிச்சம் பிடிக்கும் 35,000, வங்கிக் கட்டணம் போக, பட்டாபிராமில் கிட்டத்தட்ட 10,000 ரூபாயாக வந்து சேரும்.