வாசல் குருவியையும் எழுதுங்கள்

ஸ்காட்லாந்தின் ஃபேர் தீவில் 1948-இல் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் தொடங்கிய பறவை ஆய்வகத்தில், அன்றன்று பார்த்ததை இரவில் கூடி உட்கார்ந்து இனம் இனமாகப் பதிவேட்டில் ஏற்றுவது வழக்கம். சைபீரியாவிலிருந்து காற்றில் திசைமாறி வந்த குருவியைப் பார்க்கத்தான் பலரும் அங்கே போகிறார்கள்; போகட்டும். எனக்குப் பெரிதாகப்படுவது, எல்லாரும் கண்டு பழகிய பஃபினையும் விடாமல் எண்ணுவதுதான். சின்னஞ்சிறு மீன்களை அலகில் குறுக்காக வரிசைபோட்டுக் கவ்விக்கொண்டு வளைக்குள் நுழையுமே, அந்தப் பறவை. 1980-களில் அத்தீவில் சுமார் 20,000 பஃபின்கள் இருந்தன. 2012-இல் ஏறக்குறைய பாதி. அன்றாடப் பறவைதானே என்று கணக்கெடுக்காமல் விட்டிருந்தால் இந்தச் சரிவு யார் கண்ணில் பட்டிருக்கும்? தீவுக்குப் போகிறவர்கள் அரிய பறவையோடு நிறுத்திக்கொள்ளாமல், கல்சுவரில் உட்கார்ந்திருக்கும் சாதாரணக் குருவியையும் எண்ணி எழுதிக்கொடுத்துவிட்டு வர வேண்டும்.