வில்லை வலுவாக்கினாற் போதுமா?

மலிவான காற்றுத் துப்பாக்கியொன்றை வாங்கிய இளைஞன் முதலில் எண்ணுவது யாது? உள்ளிருக்கும் சுருள்வில்லை அகற்றி, அதனினும் வலியதொன்றை மாட்டவேண்டும் என்பதே. அதனால் விளைவதோ வேறு.

விசையை இழுத்ததும் வில் விரிந்து முசலத்தைத் தள்ளுகிறது. முசலம் உருளையிலுள்ள காற்றை நெருக்க, அக்காற்று 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னத்தை ஏவுகிறது. சன்னம் குழலை நீங்குமுன்னரே முசலத்தின் ஓட்டம் துப்பாக்கியை அசைத்துவிடுகிறது. வில் வலுத்தால் அதிர்ச்சியும் வலுக்கும், குறி தவறும்.

கைதேர்ந்தோர் செய்வது வேறு. உட்புறத்துக் கூர்விளிம்புகளை மழுக்குவர். தேய்ந்த காற்றடைப்பை மாற்றுவர். வில் ஆடாதிருக்கப் பொருத்தமான தண்டிட்டு, கெட்டியான கிறீஸ் சிறிதே பூசுவர். உருளைக்குள் எண்ணெயை மிகையாக விட்டாலோ, நெருக்குண்ட காற்றின் வெப்பத்தால், டீசல் இயந்திரத்திற் போல, அது தீப்பற்றி வெடிக்கும். வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவியின்றிக் கழற்றுவதும் ஆபத்து. பாய்ந்து வரும் வில் கண்ணையே பறிக்கக்கூடும்.

சட்டமும் உண்டு. இங்கிலாந்தில் 12 அடி-இறாத்தல், அதாவது ஏறக்குறைய 16 யூல், சக்தியைக் கடந்த காற்றுத் துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஜேர்மனியில் அவ்வெல்லை 7.5 யூல். வில்லை மாற்றியவன் தன்னையறியாமலே குற்றவாளியாகலாம்.

உள்ள வலிமையைச் சிதறாமற் காப்பதே நல்ல திருத்தம் என்பதை மாணவ நண்பர்கள் மனத்திற் கொள்வார்களாக.