தோட்டப் பாடசாலைகளில் கணிதம்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புற மாணவரிற் பலர் சாதாரண தரப் பரீட்சையிலே கணித பாடத்தில் சித்தியெய்தாது உயர்தர வகுப்பின் வாசலிலேயே நின்றுவிடுவதை, அவர்தம் புத்தியின் குறையெனப் பேசுவோர் இன்றும் உளர். கொழுந்து நிறுக்குமிடத்தில், சாக்குக்கும் ஈரத்துக்குமாகக் கழித்த கிலோக்கள் போக மிச்சமென்ன, அன்றைய வேலை முழுப்பேரா அரைப்பேரா என்பதை மனத்தாலேயே கணித்துவிடும் தாய்மாரின் பிள்ளைகளன்றோ இவர்கள்! (கணக்கப்பிள்ளைகூடச் சிலவேளை பிந்திவிடுவார்.) உண்மையான விக்கினம் வேறு. பின்னம் விளங்காமலே மேல்வகுப்புக்கு ஏற்றப்பட்ட பிள்ளைக்கு அட்சரகணிதம் வெறும் மந்திர உச்சாடனமாகிவிட, அதைத் தெளிவிக்கத் தமிழ்மொழிமூலக் கணித ஆசிரியர் போதாமையால், பல இடங்களில் வேறு பாடத்துக்கு நியமனம் பெற்றவரே அதனையும் நடத்த நேர்கிறது. 1970களின் பிற்பகுதி தொடங்கித் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றும் இக்குறை தீர்ந்தபாடில்லை. ஒன்பதாந் தரத்து மாணவனாயினும், தவறிய படியைக் கண்டறிந்து, பரிகாசத்துக்கு இடமின்றி, ஐந்தாந் தரப் பின்னத்திலிருந்தே, அதுவும் தராசையும் இறப்பர்ப்பால் வாளியையும் முன்வைத்துத் தொடங்குவதே பலன் தரும். பயிற்சி பெற்ற கணித ஆசிரியரை நகரங்களுக்கு முன்னதாகத் தோட்டங்களுக்கு அனுப்பச் சப்ரகமுவ மாகாணக் கல்வி அதிகாரிகள் முன்வர வேண்டும்.