முதல் மூக்குக் கண்ணாடி

வகுப்பில் அடுத்த பையனுடைய நோட்டை எட்டிப் பார்த்து எழுதும் சிறுவன், சோம்பேறியென்றும் திருட்டுப் புத்தியுள்ளவனென்றும் பெயர் வாங்குவது சகஜம். அவர்களில் சிலரிடம் உள்ள குற்றம் ஒன்றே: கரும்பலகையிலுள்ள எழுத்து அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியவில்லையென்று அவர்கள் சொல்வதுமில்லை. சிறுகச் சிறுக மங்கிவந்த பார்வையையே இயல்பென்று எண்ணியிருக்கும் குழந்தைக்கு, மற்றவர்கள் அதைவிடத் தெளிவாகக் காண்கிறார்கள் என்பது எப்படித் தெரியும்? ஆகவே, இதைக் கண்டறியும் பொறுப்பு பெற்றோரையும் உபாத்தியாயரையுமே சார்ந்தது. கண்ணை இடுக்கிப் பார்ப்பதும், புத்தகத்தை மூக்கருகே பிடிப்பதும் முக்கிய அறிகுறிகள்.

கிட்டப்பார்வையுள்ள கண், பெரும்பாலும் முன்பின்னாகச் சற்று நீண்டிருக்கிறது. அதனால் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. குழிந்த கண்ணாடி அதைப் பின்னுக்குத் தள்ளித் திரையில் சேர்க்கிறது. வைத்தியர் சீட்டில் 'மைனஸ் 2' என்று எழுதியிருந்தால், கண்ணாடியின்றி அரை மீட்டருக்கு அப்பாலுள்ள யாவும் அக்குழந்தைக்கு மங்கலே என்பது பொருள். கரும்பலகையோ பல மீட்டருக்கு அப்பால் இருக்கிறது!

"இந்த வயதிலேயே கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடுமே!" என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். வருஷத்துக்கு வருஷம் அளவு ஏறுவது உண்மைதான். ஆனால் அது கண் வளர்வதனால் ஏறுகிறதேயன்றிக் கண்ணாடியினால் அன்று. பையனின் சட்டை சிறுத்துப்போனதற்குத் தையற்காரனை நொந்துகொள்வாருண்டோ? அளவைச் சற்றுக் குறைத்துக் கொடுத்தால் நல்லதென்று முன்பு கருதியவர்களும் உண்டு. 2002-ஆம் ஆண்டில் வெளியான மலேசிய ஆராய்ச்சி ஒன்றில், அவ்விதம் குறைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கே கிட்டப்பார்வை அதிகமாக வளர்ந்தது.

பெண் குழந்தையானால் வேறொரு கவலை: "கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்றோ வரப்போகும் மாப்பிள்ளைக்காகப் பத்து வயதுப் பெண்ணின் படிப்பை இன்றே பலியிடுவது எந்த நியாயம்?

கண்ணாடியைக் கடையில் போட்டுப் பார்த்து வாங்கிவிடலாகாது. அருகிலுள்ள பொருளுக்கேற்பக் கண்ணைத் திருத்திக்கொள்ளும் சக்தி குழந்தைகளுக்கு அதிகம். பரிசோதனையின்போது அது வேலை செய்தால், இல்லாத கிட்டப்பார்வையும் இருப்பதுபோல் தோன்றும். ஆதலின் வைத்தியர் சொட்டு மருந்திட்டு, அச்சக்தியைத் தற்காலிகமாக அடக்கி அளவு காண்கிறார். மருந்துக்குத் தக்கபடி சில மணி நேரமோ, சில நாட்களோ கண் கூசும், அஞ்ச வேண்டியதில்லை. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குச் சொற்பக் குறையிருந்தால் அவர் பொறுத்துப் பார்ப்பதுமுண்டு. அதன் உலகம் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது! கண்ணாடி போட்ட பின்பும் வருஷத்துக்கு ஒரு முறையேனும் பரிசோதிக்க வேண்டும். எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியே விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்றது.

தம்பி தங்கைகளை வெளியே விளையாட விடுங்கள். சீனாவில் குவாங்சௌ நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில், நாள்தோறும் 40 நிமிஷம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியில் இருக்கச் செய்தார்கள். மூன்று வருஷங்களில் அவர்களுள் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கும், மற்றப் பள்ளிகளில் சுமார் 40 பேருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டதென்று 2015-இல் வெளியிட்டார்கள்.

இன்று மாலையே குழந்தையை வாசலில் நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்தி, எதிரிலுள்ள பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணால் படிக்கட்டும். உங்களுக்குத் தெளிவாகத் தெரிவது அதற்குத் தெரியாவிட்டால், கடிந்துகொள்ள வேண்டாம். கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.